மருந்தில் ஒரு படகுப் பங்கு

டிபேரியோ ரப்போசா நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அசோர்ஸ் தீவிலிருந்து நியூ பெட்ஃபோர்டில் வந்து இறங்கியபோது காலில் கிடந்த சப்பாத்துகூட அண்ணனுடையது. மீன் அறுக்கும் கொட்டகையில் கத்தி பிடிக்க ஆரம்பித்து, அடுத்தவன் படகில் சமையலாள், வலையாள் என்று ஏறி ஏறி, கடைசியில் ‘சாந்து கிறிஸ்து’ என்ற சிப்பிப் படகைச் சொந்தமாக வாங்கினார். கடன் கேட்டுப் போன நாளில் நாற்காலிகூடக் காட்டாத வங்கிக்காரன், பின்னாளில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று கை கொடுத்தான். இதை எங்கள் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் டிபேரியோவே சொல்வார்.

படித்தவர்கள் பத்துப் பேர் கூடிச் செய்ய முடியாத இன்னொரு காரியத்தையும் அவர் செய்தார். மூடப்போகிற நிலையிலிருந்த ஒரு மருந்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். அந்தக் கதைதான் இது. இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் எழும்பாது.

அவருடைய மகன் லினோவுக்கு ஐந்து வயதில் தசை கரைய ஆரம்பித்தது. எங்கள் தீவு ரத்தத்தில் அங்கங்கே ஓடுகிற நோய். மற்ற ஊர்களில் டாக்டர்களே புத்தகத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். பாஸ்டன் பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். “இதுக்கு மருந்து கண்டுபிடிக்க யாரும் பணம் போட மாட்டாங்க, மிஸ்டர் ரப்போசா. நோயாளிங்க ரொம்பக் கம்மி” என்று ஒரு டாக்டர் பட்டென்று சொன்னார்.

“கம்மின்னா? எம் பையன் ஒருத்தன் போதாதா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு வந்த மனிதர், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போர்த்துகீசியர் கிளப்பில் கிளாம் சிப்பி விருந்து வைத்தார். சிப்பியும் உருளைக்கிழங்கும் லிங்கீசா என்கிற பன்றித் தொத்திறைச்சியும் பெரிய அண்டாவில் வெந்தன. கூடவே நின்று கரண்டி பிடித்தவர் ஹொராசியோ பிமென்டெல். டிபேரியோவின் படகில் ஆரம்பத்திலிருந்து இருக்கிற ஆள். ஹொராசியோவின் மகள் கெண்ட்ராவை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்தியவர் டிபேரியோ. ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் கும்பாதிரி. கெண்ட்ராவுக்கு இவர் ஞானத்தப்பா. பிற்பாடு அதே நோய் கெண்ட்ராவுக்கும் இருப்பது தெரிந்தது. அவளுடையது மெதுவாகத் தின்னும் வகை.

விருந்தில் சேர்ந்த காசில், இந்த நோய்க்கு மருந்து தேட, டிபேரியோ தலைமையில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. கணவனைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் சர்க்கரை தூவிய மலசாடாப் பணியாரம் சுட்டு விற்றுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படகுகள் கடலுக்குப் போய்வருகிற ஒவ்வொரு பாட்டிலும் ஒரு மூட்டைச் சிப்பியை ஏலத்துக்கு ஒதுக்கின. வருஷங்கள் ஓடின. கையில் ஒரு நல்ல தொகை சேர்ந்த சமயத்தில்தான் கேம்பிரிட்ஜிலிருந்து டாக்டர் வின்ஸ்லோ வந்தார்.

வின்ஸ்லோ கெட்ட ஆள் இல்லை. ஒல்லியான, தூக்கம் கெட்ட மனிதர். அவருடைய கம்பெனி என்பது ஒரு வாடகை அறையும் குளிர்பெட்டிகளும் நாலைந்து பேரும்தான். எலிகளில் வேலை செய்கிற மருந்து கையில் இருக்கிறது, மனிதர்களிடம் சோதிக்கக் காசு இல்லை, பெரிய முதலாளிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று கிளப் மாடியில் உட்கார்ந்து சொன்னார். தட்டில் வைத்த கீரை சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அதிலேயே டிபேரியோவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அறக்கட்டளைக்குக் காசு வாங்காமல் உழைத்த வக்கீல் பிரெண்டா சில்வியா, எங்கள் தெருப் பெண்தான். அவள் கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“கேப்டன், நம்ம பணத்துக்குப் பதிலா அவங்க ரெண்டுல ஒண்ணு தரேங்கறாங்க. மருந்து வித்தா வர்ற பணத்துல ஒரு பங்கு. இல்லேன்னா, விலை வைக்கறப்போ நம்மளக் கேக்காம வைக்கக் கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம். ரெண்டையும் சேத்துத் தர மாட்டாங்க. நான் சொல்றேன், ரெண்டாவதைக் கேளுங்க.”

“விலை வைக்கிற எடத்துல எனக்கு என்னடி வேலை? நாப்பது வருஷமா சிப்பி வாரறேன். ஒரு நாளாவது நான் விலை வெச்சிருக்கேனா? ஏலத்துல எவனோ வைக்கிறான். என் வேலை பங்கு வாங்கறது.”

“இது சிப்பி இல்ல கேப்டன்.”

“எல்லாம் சிப்பிதான். நீ காகிதத்தைப் பாரு, பேரத்தை என்கிட்ட விடு.”

எங்கள் படகுகளில் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. பிடித்த சிப்பி ஏலத்தில் என்ன விலை போகிறதோ அதில் படகுக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. படகு கரைக்குத் திரும்பும்போது விலை ஏறியிருக்கிறது என்று சேதி வந்தால் போதும், இரண்டு வாரமாகக் குனிந்தே கிடந்தவன் எல்லாம் நிமிர்ந்து கூச்சல் போடுவான். சமையல்காரன் சட்டியைத் தட்டுவான். விலை ஏறினால் மேல்தளத்தில் அழுத ஒருவனை எங்கள் துறைமுகம் கண்டதில்லை. அந்தத் தளத்தில் வளர்ந்த மனிதர் டிபேரியோ. ஏறுகிற விலை யாரோ ஒருவருடைய பையிலிருந்து வருகிறது என்பதை நினைத்துப் பார்க்க அவருக்கு என்றைக்கும் அவசியம் வந்ததில்லை. வாங்குகிறவன் எங்கோ நியூயார்க்கில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருந்தான்.

வின்ஸ்லோவோடு வந்த கோட்டுக்காரர்கள் கம்மியான பங்கில் ஆரம்பித்தார்கள். டிபேரியோ எழுந்து போய் ஜன்னல் பக்கமாக நின்று துறைமுகத்தைப் பார்த்தார். அவர்கள் ஏற்றினார்கள். இவர் இன்னும் பார்த்தார். செலவெல்லாம் கழித்த பிறகு என்றார்கள். “கழிக்கறது கெழிக்கறதெல்லாம் கெடையாது. மேலாப்புல இருந்து எடு. மொத வித்த காசுலயே எம் பங்கு வரணும்” என்றார். கடைசியில் நூற்றுக்கு எட்டு, மேலாப்பிலிருந்து. கோட்டுக்காரர்களில் ஒருவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டதைக் கிளப்பில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்காத ஆள் அன்றைக்குக் கடலில் இருந்தவன்தான்.

மருந்து வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சோதனையில் லினோவையும் சேர்த்தார்கள். சக்கர நாற்காலியில் கழுத்து சாய்ந்து கிடந்த பையன், இரண்டாவது குளிர்காலத்தில், மிச்சமிருந்த தசை வலுப்பெற்று, தன் கையாலேயே கோப்பையைத் தூக்கிக் காபி குடித்தான். டிபேரியோ குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே வந்து, “தண்ணி ரொம்பச் சில்லுனு வருது” என்றார்.

“ஆமாப்பா, கண்ணெல்லாம் செவந்து போச்சு. அந்தத் தண்ணியை மாத்தணும்” என்றான் லினோ.

அரசாங்கம் மருந்தை ஒப்புக்கொண்ட நாளில் கிளப்பில் கால் வைக்க இடமில்லை. வாடகை அறையில் இருந்த கம்பெனி இப்போது கண்ணாடிக் கட்டடத்துக்குப் போயிருந்தது. எங்கள் காசு எங்கே போடப்பட்டது என்று காட்ட வின்ஸ்லோ ஒருமுறை எல்லோரையும் பஸ் வைத்து அழைத்துப் போயிருந்தார். அன்று கிளப்பில் அக்கார்டியன் முழங்கியது. பிரெண்டாவின் கைப்பேசிக்குச் சேதி வந்தது. அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“என்னம்மா, விலை வெச்சுட்டானா?” என்று டிபேரியோ இந்தக் கோடியிலிருந்து கத்தினார். “சத்தமாச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்!”

“ஒரு ஆளுக்கு, ஒரு வருஷத்துக்கு...” பிரெண்டா கைப்பேசியைப் பார்த்தே வாசித்தாள். “மூணு லட்சத்து எழுபதாயிரம் டாலர்.”

நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அந்த எண் காதில் விழுந்ததும் டிபேரியோவின் நெஞ்சு எழும்பியது. கை தானாக உயர்ந்தது. “ஏறிடுச்சுடா!” என்று வாய் திறந்து கத்தியேவிட்டார். படகுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பழக்க தோஷத்தில் மேசையைத் தட்டினார்கள்.

தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கார்டியன் ஒரு சுரத்தில் இழுத்துக்கொண்டே போய் அடங்கியது. மலசாடா சுட்டு விற்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் நல்ல வீடு ஒன்று அந்த விலைக்குத்தான் போகிறது. வருஷத்துக்கு ஒரு வீட்டை உடம்புக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

லினோதான் முதலில் பேசினான். “அப்பா, கையைக் கீழ போடுங்க. இந்தத் தடவை நாம படகுல இல்ல. நாமதான் வாங்கறவங்க.”

டிபேரியோவுக்குக் கை உயரத்திலேயே நின்றது. அதைக் கீழே இறக்குவது எப்படி என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

லினோவுக்கு மருந்து வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முனகிக்கொண்டே கொடுத்தன. கெண்ட்ராவுக்குத்தான் வரவில்லை.

கெண்ட்ராவுக்கு அப்போது இருபத்தேழு வயது. அகுஷ்னெட் அவென்யூவில் முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். கால் இன்னும் நன்றாக இருந்தது; விரல்கள்தான் சொன்னபடி கேட்பதை நிறுத்திக்கொண்டிருந்தன. கத்தரிக்கோல் நழுவ ஆரம்பித்திருந்தது. போன தசையை மருந்து திருப்பித் தராது, இருப்பதைத்தான் காப்பாற்றும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இப்போதே தொடங்கினால் கை தங்கும். தள்ளிப்போட்டால் கையும் கடையும் போகும். அவ்வளவுதான் விஷயம்.

அவள் டிபேரியோவின் வீட்டுச் சமையலறைக்கு வந்து, மேசையில் கைப்பையைப் போட்டாள். ஹொராசியோவும் பின்னாலேயே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

“நான் நடக்கறேனாம், ஞானத்தப்பா. அதனால தர மாட்டாங்களாம்.”

“என்னது?”

“மருந்து இவ்வளவு விலை விக்கிறதால, ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்குத்தான் குடுப்போம்னு விதி போட்டுட்டாங்களாம். நடக்க முடியாமப் போனதும் திரும்பக் கூப்பிடுங்கன்னு சொன்னா அந்த இன்ஷூரன்ஸ் பொம்பள. குரல் என்னா இனிமைங்கறீங்க! கடைசியில ‘இந்த நாள் இனிய நாளா அமையட்டும்’னு வேற வாழ்த்தினா.”

“திரும்பப் பேசலாம். மேல இருக்கறவன்கிட்ட பேசலாம். என் பேரைச் சொல்லு.”

“சொன்னேன். பேருக்கு எழுத்துக் கூட்டச் சொன்னா.”

ஹொராசியோ அமைதியான மனிதர், புயலில்கூட அதட்டாமல் வேலை செய்கிறவர். இப்போது மெதுவாகக் கேட்டார்.

“கும்பாதிரி, அந்தப் பேரம் பேசின கதையைக் கிளப்புல எத்தனை தடவை சொல்லிருப்ப? ஜன்னல்கிட்ட போய் நின்னது, அவன் கழுத்தைத் துடைச்சது... இன்னொரு தடவை சொல்லேன். எம் பொண்ணும் கேக்கட்டும்.”

டிபேரியோவை முகத்தில் அடித்தவர்கள் உண்டு. கொக்கி கிழித்த கையோடு கரைக்கு வந்திருக்கிறார். ஆனால் இப்படி ஒரு அடி அவருக்கு விழுந்ததில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“நீ கேட்ட எட்டுப் பங்கு விலையில இருந்துதானே வருது? விலை ஏற ஏற நமக்கும் ஏறும். அப்போ விலை எறங்கணும்னு அந்தக் கம்பெனிகிட்ட கேக்க வேண்டிய ஒரே ஆளு யாரு? நம்ம அறக்கட்டளை. அதுக்கு வாயை அடைச்சது யாரு, கும்பாதிரி?”

“அப்பா, போதும்” என்றாள் கெண்ட்ரா.

“போதும்னா போதும். நான் படகுக்குப் போறேன்” என்று ஹொராசியோ இறங்கிப் போனார். அவர் போனது டிபேரியோவின் படகுக்குத்தான் என்பதே டிபேரியோவுக்கு அப்போது இன்னொரு அடியாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே பிரெண்டாவை அழைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் போனார். கண்ணாடிக் கட்டடத்தின் வரவேற்பறையில் லினோ கோப்பை தூக்கும் படம் சுவரளவுக்கு மாட்டியிருந்தது. வின்ஸ்லோ இப்போது நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார். எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்.

டிபேரியோ உட்காரவில்லை. “டாக்டர், என் பங்கு வேணாம். எட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அதைக் கழிச்சுட்டு விலையைக் குறைங்க. வீட்டுல யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

வின்ஸ்லோ பிரெண்டாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்ததுதான் இப்போது வரப்போகிறது.

“கேப்டன், உங்க மனசு பெருசு. ஆனா விலை அப்படி வைக்கறதில்ல. செலவு இவ்வளவு, பங்கு இவ்வளவுன்னு கூட்டி வெச்ச விலை இல்ல இது. ஊர் எவ்வளவு தாங்கும்னு பாத்து வெச்சது. நீங்க பங்கை விட்டா, அது எங்க கம்பெனியில பணம் போட்ட மத்தவங்களுக்குப் போகும். விலை அப்படியேதான் இருக்கும்.”

“அப்போ என் பங்கை நான் விட்டாலும் ஒண்ணு, வெச்சுக்கிட்டாலும் ஒண்ணு?”

“கெண்ட்ராவுக்கு ஒண்ணுதான்.”

டிபேரியோ இப்போது உட்கார்ந்தார்.

வின்ஸ்லோவுக்கு மனம் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஆறுதலாகத்தான் சொன்னார்; அதுதான் கொடுமை.

“இவ்வளவு கலங்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு நான் சும்மாவே அனுப்பி வைக்கறேன். எங்களுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்ல, கேப்டன். ஒரு குப்பி பண்ண ஆகற செலவு, நாம ரெண்டு பேரும் கீழ போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிடற காசுகூட வராது.”

டிபேரியோ திரும்பி பிரெண்டாவிடம், “நான் கேட்டது சரிதானா?” என்றார். அவளுக்கும் அது புதுச் சேதிதான்.

ஒரு சிப்பி தட்டுக்குப் போகும்போது என்ன விலை, படகில் ஏறுமுன் எவ்வளவு எண்ணெய், பனி, ஆள் செலவு என்று எல்லாம் தெரிந்த மனிதர் அவர். அந்தச் செலவுக்கும் விலைக்கும் நடுவில் ஒரு தரகன் நிற்கலாம், நாலு தரகன் நிற்கலாம். ஒரு கடலே நிற்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

வின்ஸ்லோ அவர் தோளில் கை வைத்தார். “இன்னொரு உதவி. வர்ற வியாழக்கிழமை பாஸ்டன்ல எங்க முதலீட்டாளர் கூட்டம். நீங்களும் லினோவும் மேடையில வந்து பேசணும். அந்த அண்டா, மலசாடா கதையெல்லாம் சொல்லுங்க. எல்லாருக்கும் கண்ணு கலங்கிரும்.”

“வரேன். லினோ வரமாட்டான், கெண்ட்ரா வருவா.”

வின்ஸ்லோவின் கை தோளிலிருந்து மெல்ல எழுந்தது. “அவங்க இன்னும் மருந்து எடுக்கலையே, கேப்டன்.”

“அதனாலதான். நடக்கறவங்களுக்குக் கெடையாதுங்கறாங்க இல்ல? நடந்து வந்து காட்டுவா.”

“நான்தான் அவளுக்கு அனுப்பறேன்னு சொல்லிட்டேனே.”

“அவளுக்கு மட்டுமா? அவள மாதிரி ‘உனக்குக் கெடையாது’ன்னு சொல்லப்பட்டவங்க எங்க அறக்கட்டளைக்குத் தெரிஞ்சு நாடு பூரா இருக்காங்க. படகுல ஒருத்தனுக்கு மட்டும் பங்கு குடுத்துட்டுக் கரை சேர்ந்தா அந்தக் கேப்டன் அடுத்த பாட்டுக்கு ஆள் தேட வேண்டியதுதான். எல்லாருக்கும் குடுங்க. இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்கற வரைக்கும் சும்மா குடுங்க. சாப்பாட்டுக் காசுதானே?”

“நான் மேல கேக்கணும்.”

“கேளுங்க. வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.”

வியாழக்கிழமை வரை பதில் வரவில்லை. டிபேரியோ, தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டார். கெண்ட்ரா சிவப்புக் கவுன் போட்டு, அவருக்குக் கழுத்துப்பட்டை கட்டிவிட முயன்று, விரல் ஒத்துழைக்காமல், “நீங்களே கட்டிக்குங்க, எனக்கு விளையாட நேரமில்ல” என்று அதட்டினாள்.

ஓட்டல் மண்டபத்தில் வட்ட மேசைகள். சால்மன் மீன் பரிமாறியிருந்தார்கள். டிபேரியோ அதை ஒரு பார்வை பார்த்தார், வளர்ப்பு மீன். மேடையில் வின்ஸ்லோ அவரை, “எங்கள் முதல் நம்பிக்கை” என்று அறிமுகப்படுத்தினார். கூட ஏறி நின்ற கெண்ட்ராவை அறிமுகப்படுத்தவில்லை.

டிபேரியோ பேசினார். அண்டாவைப் பற்றிச் சொன்னார். கணவனை இழந்த பெண்கள் மாவு கையோடு வந்து காசு கொடுத்ததைச் சொன்னார். மண்டபம் உருகியது. பிறகு பேரத்தைச் சொன்னார். ஜன்னல் பக்கம் போய் நின்றதை, மேலாப்பிலிருந்து எட்டு வாங்கியதை, ஒன்றும் விடாமல். எங்கள் கிளப்பில் சொல்வது போலவே சொன்னார்.

கைதட்டல் வெடித்தது. அண்டாவுக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு. முன்வரிசையில் ஒரு நரைத்த மனிதர் எழுந்தே நின்று தட்டினார். “இங்க இருக்கற எல்லாரையும்விடக் கெட்டிக்கார முதலீட்டாளர் நீங்கதான், கேப்டன்!” என்று கத்தினார். சிரிப்பு அலையலையாக வந்தது.

டிபேரியோவுக்கு வாழ்நாள் முழுக்க வேண்டியிருந்த கைதட்டல் அது. படித்தவர்கள், கோட்டுக்காரர்கள், அவருடைய வங்கிக்காரனுக்கே கடன் கொடுக்கக்கூடியவர்கள், எழுந்து நின்று தட்டுகிறார்கள். இவர்கள் எதற்காகத் தட்டுகிறார்களோ, அதற்காகத்தான் ஹொராசியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

“தட்டாதீங்க” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியை இன்னும் கிட்டத்தில் இழுத்தார். “தட்டாதீங்கய்யா!”

அடங்கியது.

“இது கெண்ட்ரா. நான் ஞானஸ்நானத்துல கையில ஏந்தின புள்ள. முடி வெட்டிப் பிழைக்கறா. நீங்க தட்டின மருந்து அவளுக்குக் கெடையாதாம். விலை அதிகமாம். அந்த விலையில எட்டுப் பங்கு என்னுது. மிச்சம் உங்களுது. அவளுக்கு விரல் போய்க்கிட்டிருக்கு. ஏ புள்ள, கையைத் தூக்கிக் காட்டு.”

கெண்ட்ரா மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை ஒரு கையால் தூக்க முயன்றாள். அது நடுங்கி, சாய்ந்து, வெள்ளை விரிப்பில் கொட்டியது. அவள் கோப்பையை நிமிர்த்தி வைத்துவிட்டு, “மன்னிச்சுக்குங்க, நல்ல துணி” என்றாள்.

எழுந்து நின்று தட்டிய நரைத்த மனிதர் இன்னும் உட்காராமலே நின்றிருந்தார். வின்ஸ்லோவைப் பார்த்து, “உண்மையா இது?” என்று கேட்டார். “சும்மா குடுத்தா நமக்கு என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது” என்றார் வின்ஸ்லோ, தாழ்ந்த குரலில்.

“அப்போ இந்த மனுஷன் ஏன் இங்க வந்து நிக்கறாரு?”

திரும்பும் வழியில் வண்டியில் இருக்கும்போதே, கூட வந்திருந்த பிரெண்டாவுக்குக் கம்பெனியிலிருந்து சேதி வந்துவிட்டது. மறுக்கப்பட்ட எல்லோருக்கும், அவர்கள் இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொள்ளும் வரை, இலவசம். கெண்ட்ரா ஜன்னல் பக்கமாகத் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். டிபேரியோ வண்டி ஓட்டியபடி, “இவ்வளவுதானா?” என்றார். சற்று தூரம் போய் மறுபடி, “இவ்வளவு லேசா முடியற காரியமா இது?” என்றார்.

விலை மட்டும் இறங்கவில்லை. இறங்குவது இருக்கட்டும், புது வருஷம் பிறந்ததும் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். அறக்கட்டளைக்கு வருகிற பங்கும் ஏறியது. அதை எடுத்து, மறுக்கப்படுகிறவர்களுக்காக வாதாட இரண்டு வக்கீல்களைப் பிரெண்டா வைத்திருக்கிறாள். ஏறிய விலையின் காசில் ஏறிய விலையோடு சண்டை. டிபேரியோவுக்கு அது இன்னும் தலையில் ஏறவில்லை. பங்கு வந்த சேதியை அவள் சொல்கிற ஒவ்வொரு முறையும் நெஞ்சு முதலில் எழும்புகிறது, அப்புறம்தான் அவருக்கு நினைவு வருகிறது. ஹொராசியோ படகில் இருக்கிறார். வேலை விஷயம் மட்டும் பேசுகிறார், கும்பாதிரி என்று கூப்பிடுவதில்லை, கேப்டன் என்கிறார்.

கெண்ட்ராவின் விரல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. போனது வரவில்லை, இருப்பது போகவில்லை. சோதித்த டாக்டர் அதை மிக நல்ல சேதி என்றார்.

ஈஸ்டருக்கு முந்திய வாரம் டிபேரியோ முடிவெட்டிக்கொள்ளப் போனார். அவள் அகலமான பிடி போட்ட புதுக் கத்தரிக்கோல் வைத்திருந்தாள். மெதுவாக வெட்டினாள், ஆனால் நழுவவில்லை. கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னையிலேர்ந்து கூலி ஏறிடுச்சு, ஞானத்தப்பா.”

“எவ்வளவு?”

“நூறு டாலர்.”

“நூறா? ஏன், கத்தரிக்கோல் விலையா?”

“அது பன்னெண்டு டாலர்தான்.”

“கடை வாடகை ஏறிடுச்சா?”

“இல்லயே.”

“அப்புறம் எதுக்குடி நூறு?”

“நீங்க தாங்குவீங்கன்னு தோணுச்சு” என்றாள் கெண்ட்ரா. முகத்தில் சிரிப்பே இல்லை. கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

டிபேரியோ கண்ணாடியைப் பார்த்தார். இடது பக்கம் வெட்டி முடித்திருந்தது, வலது பக்கம் காதுக்கு மேல் அப்படியே தொங்கியது. எழுந்து போகவும் முடியாது.